டேரல் வாசலில் டீச்சர் பெயர்

மார்ச் பிறந்தும் ஆல்டர் ஃபால்ஸில் தரை இளகவில்லை. தேர்தல் அட்டையின் கம்பிக் காலை மண்ணில் குத்தினால் கம்பிதான் வளையும். ஆகவே எங்கள் ஊரில் பள்ளி வாரியத்துக்கு நிற்கிறவர்கள் தங்கள் பெயரைப் பனியில்தான் நட்டாக வேண்டும். பனி வாரும் வண்டி சாலையோரம் ஒதுக்கிவிட்டுப் போன மேட்டில் அட்டையைச் செருகுவார்கள். வெயில் கொஞ்சம் முகம் காட்டினால் வேட்பாளர் குப்புற விழுவார். மறுநாள் யாராவது தூக்கி நிறுத்துவார்கள். யாரும் இதை அபசகுனமாக நினைப்பதில்லை.

அன்று சாயங்காலம் பள்ளி முடிந்து காரில் திரும்பிக்கொண்டிருந்த மார்னா டாலஃப்ஸன், டேரல் வோய்சிக்கின் வீட்டைத் தாண்டியதும் சட்டென்று பிரேக்கை மிதித்தாள். பின்னால் வந்த வண்டிக்காரன் ஹார்ன் அடித்துத் தீர்த்தான். அவள் காதில் வாங்கவில்லை. காரைப் பின்னோக்கி ஓட்டி வந்து, கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தாள்.

டேரல் வாசலில் அவள் பெயர் நின்றது. பச்சை எழுத்தில் "மார்னா டாலஃப்ஸன், பள்ளி வாரியத்துக்கு." அதுவும் ஏனோதானோ என்று செருகியது இல்லை. ஆளுயரத்துக்குப் பனியைக் குவித்து, மண்வெட்டியால் உச்சியைத் தட்டி இறுக்கி, இரண்டு பக்கச் சாலையிலிருந்தும் தெரிகிற மாதிரி வாகாகத் திருப்பி நட்டிருந்தது. ஊரில் வேறு எந்த வாசலிலும் அவளுக்கு இத்தனை மரியாதை நடக்கவில்லை. அவள் வாசலிலேயே நடக்கவில்லை.

டேரல் யார் என்று சொன்னால்தான் அவள் பிரேக் அடித்த காரணம் புரியும். குளிர்காலத்தில் ஊர்ச் சாலைகளில் பனி வாருவது அவன் வேலை. கோடையில் வீடு வீடாகப் போய்க் கழிவுநீர்த் தொட்டி இறைப்பான். வாய் பெரிது, கை சுத்தம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் மகன் கேடன் மார்னாவின் இரண்டாம் வகுப்பில் இருந்தான். வருஷக் கடைசியில் மதிப்பெண் அட்டையில் மார்னா தன் கையால் எழுதினாள்: "கேடனுக்கு இன்னும் படிக்க வரவில்லை. படத்தைப் பார்த்துக் கதை சொல்கிறான். படத்தை மறைத்தால் நின்றுவிடுகிறான். இன்னொரு வருஷம் என் வகுப்பிலேயே இருக்கட்டும்."

டேரல் அந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போய்க் கத்தினான். பிள்ளையை ஊர் முன்னால் அவமானப்படுத்துகிறாள் என்றான். அவன் கத்தியதைப் பார்த்து இன்னும் நாலு பேருக்குத் தைரியம் வந்தது, அவரவர் பிள்ளைக்கு மார்னா எழுதியதை எடுத்துக்கொண்டு வந்தார்கள். கேடன் அடுத்த வருஷமும் இரண்டாம் வகுப்பிலேயே இருந்தான், அது வேறு விஷயம். ஆனால் அன்றிலிருந்து பெட்ரோல் பங்கில் மார்னாவைப் பார்த்தால் டேரல் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

வாரியமும் சும்மா இருக்கவில்லை. இனி எந்த ஆசிரியரும் மதிப்பெண் அட்டையில் சொந்தமாக ஒரு வரி எழுதக்கூடாது என்று விதி போட்டது. ஆயத்தமாக அச்சடித்த வாக்கியங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அழுத்த வேண்டும். எல்லாம் சர்க்கரைப் பாகு. "எழுத்துகளோடு மகிழ்ச்சியாக உறவாடுகிறார்." "தன் வேகத்தில் மலர்ந்து வருகிறார்."

"தன் வேகத்துல மலர்றதுக்கு இது என்ன சாமந்திச் செடியா?" என்று மார்னா ஆசிரியர் அறையில் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போய் ஆளுக்கொரு வாக்கியத்தை அழுத்தினார்கள். மூன்று வருஷம் மார்னாவும் அழுத்தினாள். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் திருடிய மாதிரி இருந்தது அவளுக்கு. இந்தக் குளிர்காலத்தில் வாரியத்தில் ஓரிடம் காலியானதும் வேட்பு மனு கொடுத்துவிட்டாள். அந்த விதியை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

ஆக, எந்த மனுஷன் கத்தியதால் அந்த விதி வந்ததோ, அவன் வாசலில் அவள் பெயர்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்கே," என்றான் அவள் புருஷன் லைல். பண்ணைகளிலிருந்து பால் ஏற்றிப் போகிற லாரி ஓட்டுபவன், அளந்துதான் பேசுவான்.

"ஒருவேளை மனசு மாறிட்டானோ?"

"டேரலா? அவன் இருவது வருஷமா ஒரே தொப்பியப் போட்டிருக்கான்."

"அப்ப அவன் பொண்டாட்டி வச்சிருப்பா."

"அந்த உயரத்துக்குப் பனி குவிக்கணும்னா வண்டி வேணும் மார்னா. வண்டி அவன்கிட்டதான் இருக்கு."

மார்னாவுக்கு அன்று தூக்கம் சரியாக வரவில்லை. கோபம் என்றால் பழகிப்போயிருக்கும். இதுவோ 'ஏன்?' என்ற கேள்வி. இருபத்து மூன்று வருஷம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "ஏன் அப்படிச் செஞ்ச?" என்று கேட்டுக் கேட்டே காலம் போக்கியவள் அவள். அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் விட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

சனிக்கிழமை வீடு வீடாக ஓட்டுக் கேட்கக் கிளம்பினாள். போகப் போகக் குழப்பம் கூடியது. ஏரிச் சாலையில் வேலரி என்கிற அம்மாள் வீட்டில் அவள் அட்டை இருந்தது. வேலரியின் பெண்ணுக்கு மார்னா எழுதியது, "புத்திசாலி. பொய் சொல்லப் பழகிவிட்டாள்." வேலரி வாரியக் கூட்டத்தில் அழுதே காட்டியவள். அவள் இப்போது கதவைத் திறந்து, "நாங்க குடும்பத்தோட உங்களுக்குத்தான் டீச்சர்," என்று சொல்லிவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்காமல் கதவைச் சாத்தினாள். மேட்டுத் தெருவில் பள்ளி முதல்வரின் வீட்டு வாசலிலும் அட்டை. மார்னாவின் வாய்க்குப் பயந்து ஆசிரியர் கூட்டத்தையே மின்னஞ்சலில் நடத்துகிற மனிதர் அவர்.

பள்ளியைச் சுற்றியிருக்கும் தெருக்களோ வெறிச்சென்று கிடந்தன. அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிற வீடுகள் அவை. பெற்ற பிள்ளைகள் மூன்றையும் அவளிடம் அனுப்பிப் படிக்க வைத்தவர்கள், கிறிஸ்துமஸுக்குக் கம்பளிக் கையுறை பின்னித் தருகிறவர்கள் இருக்கிற தெருக்கள். ஒரு வாசலில்கூட அவள் பெயர் இல்லை. ஆனால் கதவைத் தட்டினால் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தார்கள். எலுமிச்சை கேக், ஓட்ஸ் கேக், வேர்க்கடலை வெண்ணெய் தடவிய சாக்லேட் கேக், எல்லாம் சதுரம் சதுரமாக வெட்டித் தட்டில் வந்தது. பேச்சும் வந்தது. தேர்தல் பேச்சு வந்தால் மட்டும், "பாக்கலாம் டீச்சர், இன்னும் நாள் இருக்கே," என்று ஜன்னல் பக்கம் பார்த்தார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களின் சுபாவம் இது. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல நாக்கு எழாது. இல்லை என்பதற்குப் பதிலாக கேக் தருவார்கள். தட்டு பெரிதாக வந்தால் இல்லை என்பதும் பெரிது என்று புரிந்துகொள்ள வேண்டும். பிறந்து வளர்ந்த மார்னாவுக்கு இது தெரியாதா? தெரியும். தனக்கு நடக்கிறபோதுதான் தெரியாமல் போகிறது. சாயங்காலம் காரின் பின்சீட்டில் ஏழெட்டுப் பொட்டலங்கள் இருந்தன. வாக்குறுதி ஒன்றுகூட இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு வழக்கம்போலத் தோழி ரனேயோடு போனாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரே அந்த மதுக்கடையில்தான் இருக்கும். வறுத்த மீன், உருளைக்கிழங்குத் தோசை, முட்டைக்கோஸ் பச்சடி, கூட பிராந்தி. ரனே முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள். மார்னாவும் அவளும் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதிகள். ரனே கல்யாணம் தள்ளிப்போய்ப் பிள்ளையும் தாமதமாகப் பெற்றவள், ஒரே பையன் ஓவன். ரனே வாசலிலும் அட்டை கிடையாது. மார்னா நேரில் கொண்டுபோய்க் கொடுத்த அட்டை அவள் கார் நிறுத்துகிற கொட்டகைக்குள் சுவரில் சாய்ந்து கிடந்ததை மார்னா பார்த்திருக்கிறாள்.

மீனில் முள் எடுத்துக்கொண்டே மார்னா கேட்டாள், "ரனே, ஒண்ணு கேக்கறேன், கேக் ஏதும் குடுக்காம பதில் சொல்லு."

ரனே கிளாஸைக் கீழே வைத்தாள்.

"என்னப் பிடிக்காதவன் வீட்டுலல்லாம் என் பேர் நிக்குது. உன் வீட்டுல ஏன் இல்ல?"

"பனி கரைஞ்சு போச்சு."

"உன் வீட்டுப் பக்கம் மட்டும் சூரியன் தனியா வருதா?"

ரனே உதட்டைக் கடித்தாள். பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீ ஜெயிச்சா க்ளாஸ விடணும்ல?" என்றாள்.

"ஆமா. வாரியத்துல உக்காந்துட்டு அதே பள்ளிக்கூடத்துல வேலை பாக்க முடியாது. சட்டம். அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

"தெரிஞ்சதுதான். அதான்." ரனேயின் கண் கலங்கிவிட்டது. "ஓவன் செப்டம்பர்ல ரெண்டாங்கிளாஸ். அவன் பொறந்த அன்னிக்கே நான் கணக்குப் போட்டுட்டேன், உன்கிட்டதான் படிப்பான்னு. எனக்கு வாரியத்துல நீ வேணாம். அந்த ரூம்ல வேணும். நான் உனக்கு ஓட்டுப் போடப்போறதில்ல மார்னா. நாலு வாரமா இத சொல்ல முடியாம நெஞ்சு எரியுது. நீ என்ன வேணா திட்டிக்கோ."

மார்னா திட்டவில்லை. முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். வகுப்பை விட வேண்டும் என்பதை அவள் முதல் நாளிலிருந்தே அறிவாள். அது தான் கொடுக்கிற விலை என்று நினைத்திருந்தாளே தவிர, வேறு யாருக்கோ அது நஷ்டமாகவும் இன்னும் யாருக்கோ லாபமாகவும் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பிடித்தவர்கள் அவளைத் தோற்கடிக்கப் பார்க்கிறார்கள். பிடிக்காதவர்கள் மாலை போட்டு வழியனுப்பப் பார்க்கிறார்கள். சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

"டேரலுக்குச் சின்னப் பொண்ணு ஒண்ணு இருக்குல்ல?" என்று கேட்டாள்.

"பிரின்லி. ஓவனோட கிளாஸ்தான்."

ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாகவே அடித்தது. மார்னா போனபோது டேரல் வாசலில் நின்று, சரிந்துவிட்ட அவள் அட்டையை நிமிர்த்திக்கொண்டிருந்தான். கொட்டகை நிழலிலிருந்து கெட்டிப் பனியாகப் பார்த்து ஒரு வாளியில் அள்ளி வந்து காலடியில் போட்டு மிதித்தான். பூச்செடிக்குக்கூட அவன் அத்தனை பாடுபட்டிருக்க மாட்டான்.

"கொஞ்சம் இடது பக்கம் சாயுது," என்றாள் மார்னா.

டேரல் திரும்பினான். முகத்தைத் திருப்பிக்கொள்ள வழியில்லை, பெயருக்குச் சொந்தக்காரியே வந்து நிற்கிறாள். அட்டையை வலப்பக்கம் ஒரு தட்டுத் தட்டினான்.

"பிரின்லி செப்டம்பர்ல என்கிட்ட வரணும். நான் ஜெயிச்சா வரமாட்டா. அதுக்குத்தானே இது?"

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். மூன்று வருஷம் கழித்து அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை, "ஆமா."

"நல்லது. நேரடியா சொன்னதுக்கு தேங்க்ஸ்."

"இங்க பாருங்க டீச்சர். கேடன் அந்த வருஷம் பூரா பஸ்ல அழுதுட்டு வந்தான். கூடப் படிச்சவனுங்க மேல போயிட்டானுங்க, இவன் பொடிசுங்களோட உக்காந்திருந்தான். நீங்க எழுதினது சரியா தப்பான்னு நான் பேசல. அது என் பொண்ணுக்கு நடக்கக்கூடாது. அவ்வளவுதான்."

"இப்ப கேடன் எப்படி இருக்கான்?"

"நாலாங்கிளாஸ். நல்லா இருக்கான்." தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு, "மான் வேட்டை விதிப் புத்தகம் வந்தா அவன்தான் எனக்குப் படிச்சுக் காட்டறான். எனக்கு அந்தப் பொடி எழுத்து தலைவலி," என்றான். சொன்ன பிறகு எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டோமோ என்கிற மாதிரி முழித்தான். "ஆனாலும் அது வேற, இது வேற."

"நான் ஜெயிச்சா முதல் வேலையா அந்த ரெடிமேட் வாக்கியத்த எடுக்கத்தான் பாப்பேன் டேரல். தெரியும்ல?"

"ஏழு பேர்ல நீங்க ஒருத்தர். எடுத்துடுவீங்களா?" என்று சிரித்தான். "க்ளாஸ்லன்னா நீங்க ஒரே ஒருத்தர்தான். அதான் பயம்."

ஊரில் அவளைச் சரியாக எடை போட்டவன் இவன் ஒருவன்தான் என்று மார்னாவுக்குத் தோன்றியது. அது அவளுக்குப் பிடிக்கவும் செய்தது. விலகிக்கொள்ளலாமா என்று அந்த வாரம் முழுக்க யோசித்தாள். ஓட்டுச் சீட்டு அச்சாகிவிட்டது, பெயரை எடுக்க முடியாது. ஆனால் "எனக்குப் போடாதீர்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் ரனே தெரு முழுக்கப் பரப்பிவிடுவாள். எதிர்த்து நின்ற கென் ஷ்ரைபர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், தங்கமான மனிதர். யார் எதைச் சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்பார். அவர் வாரியத்துக்குப் போனால் விதி அப்படியே இருக்கும். அவள் தன் அறையில் பிள்ளைகளோடு இருப்பாள். வருஷத்துக்கு நான்கு முறை அந்த வாக்கியத்தை அழுத்துவாள்.

தேர்தல் அன்று தீயணைப்பு நிலையத்தில், தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டுப் போட்டிருந்த மறைப்புக்குள் நின்று, பேனாவை வைத்துக்கொண்டு அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் வரிசை வளர்ந்துவிட்டது. கடைசியில் தன் பெயருக்கு எதிரே கோடு இழுத்தாள்.

ஜெயித்துவிட்டாள். இரவு ஊராட்சி அலுவலகத்திலிருந்து லைல்தான் முடிவைக் கேட்டு வந்தான். ஏரிப் பக்கமும் மேட்டுப் பக்கமும் அள்ளிக் கொடுத்திருந்தார்கள். பள்ளியைச் சுற்றியிருந்த வார்டில் மட்டும் அவள் படுதோல்வி.

"நம்ம தெருக்காரங்க ஒருத்தரும் போடல போலருக்கு," என்றான்.

மார்னா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். லைல் பக்கத்தில் வந்து நின்றான். என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தோளில் கை வைத்து, "அவங்க உன்ன எவ்வளவு மதிச்சிருந்தா இப்படித் தோக்கடிச்சிருப்பாங்க," என்றான். அவனுக்கு அதற்கு மேல் பேச வராது. அதற்கு மேல் தேவையும் இல்லை.

ஏப்ரல் கடைசியில் பதவிப் பிரமாணம். அதற்கு முன் வேலையை விட்டாக வேண்டும், பள்ளி ஆண்டு முடிய இன்னும் ஐந்தாறு வாரம் இருக்கும்போதே. கடைசி நாளன்று மார்னா தன் சாமான்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்க, முன்வரிசைச் சிறுமி ஒருத்தி கேட்டாள், "மிஸஸ் டாலஃப்ஸன், நீங்க ஜெயிச்சீங்களா, தோத்தீங்களா?"

"ஜெயிச்சேன்."

"அப்புறம் ஏன் நீங்க வெளிய போறீங்க?"

மார்னா பெட்டியை மூடி நாடா ஒட்டினாள்.

வாரியக் கூட்டம் என்பது பள்ளி நூலகத்தில் நீள மேஜை போட்டு நடக்கும். மே மாதம் மார்னா தன் தீர்மானத்தை முன்மொழிந்தாள்: ஆசிரியர்கள் மதிப்பெண் அட்டையில் சொந்த வார்த்தையில் எழுத அனுமதிக்க வேண்டும். தலைவர் வெர்ன் கண்ணாடியைத் தாழ்த்தி, "வழிமொழிபவர் உண்டா?" என்றார். ஆறு பேரும் தங்கள் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார்கள். வழிமொழிய ஆளில்லாத தீர்மானம் அங்கேயே செத்துவிடும். ஆகஸ்டில் மறுபடி முன்மொழிந்தாள், மறுபடி செத்தது. அந்தக் கூட்டத்துக்கு ஒருவர் வீட்டில் சுட்ட கேக் கொண்டுவந்திருந்தார். பெரிய தட்டு.

செப்டம்பரில் அவள் அறைக்கு மிஸ் கெல்ஸி என்று புதிதாகக் கல்லூரி முடித்த பெண் வந்தாள். நல்ல பெண், விதியில் இருப்பதைச் செய்தாள். மார்னா காலையில் எழுந்து, பள்ளிக்குப் போகிற மஞ்சள் பஸ் போவதை ஜன்னலில் பார்த்துவிட்டு, செய்ய ஒன்றுமில்லாமல் காபியை மறுபடி சுடவைப்பாள். அறிவுகெட்டத்தனம் பண்ணிவிட்டோம் என்று அவள் நினைத்த நாட்கள் உண்டு. ரனே பேசத்தான் செய்தாள், ஆனால் முடி வெட்டும்போது முன்பு போலக் கதை சொல்லவில்லை.

நவம்பர்க் கூட்டம் மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின வாரம். முதல் பருவ மதிப்பெண் அட்டை பெற்றோரின் போனுக்கு வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிஷம் உண்டு. வாரியம் கேட்கும், பதில் சொல்லாது. அதுதான் முறை. வழக்கமாக ஒருவரும் வர மாட்டார்கள். அன்று பின்வரிசையில் ஆரஞ்சு நிற வேட்டைத் தொப்பியோடு டேரல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பிரின்லி, மடியில் ஒரு கதைப் புத்தகத்தோடு.

வெர்ன் பெயரைக் கூப்பிட்டதும் டேரல் எழுந்து போனைக் கண்ணுக்கு நேரே பிடித்தான்.

"என் பொண்ணு அட்டையில வந்திருக்கறத வாசிக்கறேன். 'எழுத்துகளோடு மகிழ்ச்சியாக உறவாடுகிறார்.'" நிமிர்ந்தான். "இதுக்கு என்ன அர்த்தம்? அந்த கெல்ஸி பொண்ணக் கேட்டேன். சிரிக்குது. அதுக்கு மேல சொல்ல அதுக்குப் பர்மிஷன் இல்லையாம். என் பையனுக்கு இந்தம்மா எழுதினாங்க, படிக்க வரலன்னு. நான் இதே எடத்துல நின்னு கத்தினேன். மூணு வருஷம் கோவமா இருந்தேன். ஆனா அத வாசிச்ச உடனே புரிஞ்சுதுய்யா! இத ரெண்டு நாளா வாசிக்கறேன், என் பொண்ணு படிக்கிறாளா இல்லையான்னே எனக்குத் தெரியல."

அவன் மார்னாவைப் பார்த்தான். "டீச்சர். என் பொண்ணுக்குப் படிக்க வருதா?"

மார்னா வாய் திறந்தாள். வெர்ன் கையை உயர்த்தினார். "வாரியம் பதில் சொல்றதில்ல டேரல். உங்களுக்குத் தெரியும். நேரம் ஆயிடுச்சு, நன்றி."

பேசத்தான் இந்த நாற்காலிக்கு வந்தாள். இங்கே வந்ததும் பேசக்கூடாது என்கிறார்கள். மார்னாவுக்கு முகம் சூடேறியது. அவள் செய்ய முடிந்த ஒன்றைச் செய்தாள். "என் தீர்மானத்தை மறுபடி முன்மொழியறேன்," என்றாள்.

"வழிமொழிபவர்?"

"நான் வழிமொழியறேன்!" என்று டேரல் கத்தினான்.

"நீ உறுப்பினர் இல்லப்பா, உக்காரு."

சிரிப்பு அடங்கியது. மேஜையின் கோடியில் இருந்த ஆர்டிஸ் தன் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்றிப் பண்ணைக்காரி. ஆகஸ்டில் அந்தப் பெரிய தட்டைக் கொண்டுவந்தவள். "என் பேரனுக்கும் இதே வாக்கியம்தான் வந்திருக்கு," என்றாள் மெல்ல. "அவன் வகுப்புலயே முதல்ல படிக்கிற பையன். ரெண்டு பேருக்கும் ஒரே வாக்கியமா?" போனைக் கவிழ்த்து வைத்தாள். "நான் வழிமொழியறேன்."

நாலுக்கு மூன்றில் தீர்மானம் நிறைவேறியது. முழுதாக ஆறு மாதம் செத்துச் செத்துப் பிழைத்த தீர்மானம் அரை நிமிஷத்தில் ஜெயித்துவிட்டது. வெர்ன் அடுத்த விஷயத்துக்கு, கொதிகலன் பழுதுக்கு, போய்விட்டார்.

மார்னா எழுந்து பின்வரிசைக்குப் போனாள். பிரின்லியின் கையைப் பிடித்து நடைவழிக்குக் கூட்டி வந்தாள். டேரல் பின்னால் வந்தான். இரண்டாம் வகுப்பு அறை வாசலில் சின்னப் பெஞ்சு ஒன்று கிடக்கும், அவள் போட்ட பெஞ்சு. அதில் பிள்ளையை உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள்.

"எங்க, எனக்கு வாசிச்சுக் காட்டு பாப்போம்."

பிரின்லி கணீரென்று வாசித்தாள். கரடி தேனைத் தேடிப் போனது. கரடி மரத்தில் ஏறியது. டேரலின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. பக்கத்தைத் திருப்பியதும் மார்னா தன் உள்ளங்கையைப் படத்தின் மேல் வைத்தாள்.

பிள்ளை நின்றுவிட்டது. எழுத்தைப் பார்த்தது, கையைப் பார்த்தது, பிறகு அப்பாவைப் பார்த்தது.

"ரொம்ப அழகா கதை சொல்ற நீ," என்றாள் மார்னா அதன் கன்னத்தைத் தொட்டு. "போய் அந்தக் குழாய்ல தண்ணி குடிச்சுட்டு வா."

பிள்ளை நகர்ந்ததும் அவள் டேரலை நிமிர்ந்து பார்த்தாள். "படிக்க வரல டேரல். கேடன் மாதிரியேதான். படத்தப் பாத்து சொல்றா."

அவன் தலையாட்டினான். கை அறியாமலே தொப்பியைக் கழற்றியது. "சரியாகறதுக்கு எவ்வளவு நாளாகும்?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரில் வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கேக்தான் கொடுத்திருப்பார்கள்.

"ரெண்டு வருஷம் முன்னாடியே, கேடனோட அனுபவத்துல, இத எப்படிச் சரி பண்றதுன்னு நான் கத்துக்கிட்டேன். என் க்ளாஸ்ல இருந்திருந்தா கிறிஸ்துமஸுக்குள்ள படிச்சிருப்பா. மறுபடி ஒரு வருஷம் உக்கார வேண்டியிருக்காது."

டேரல் அவளுக்குப் பின்னால் இருந்த அறைக் கதவைப் பார்த்தான். அதில் மிஸ் கெல்ஸியின் பெயர் வண்ணக் காகிதத்தில் ஒட்டியிருந்தது.

"ஊர்லயே பெரிய மேடா குவிச்சு வச்சேனே டீச்சர்," என்றான்.

மார்னா பெஞ்சில் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள். அத்தனை பெரிய மனிதன் அந்தக் குட்டிப் பெஞ்சில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தான். தண்ணீர்க் குழாயடியில் பிரின்லி சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்து, தனக்குத்தானே ஒரு கதையை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நாளைலேந்து பள்ளிக்கூடம் விட்டதும் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வா," என்றாள் மார்னா. "ரனேகிட்டயும் சொல்லப்போறேன். ஓவனும் வரட்டும்."